எங்களுக்காக ஜெபித்தவர்களுக்கும் ஓடி வந்தவர்களுக்கும்

குடியாத்தம் சபையாருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், உறவுக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி முடித்து, சக்கர நாற்காலியோடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. அவரைத் தனியே விட்டுவிட்டு வர இன்னும் தோதுப்படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் தோப்பில் கூட இருந்தவர்களுக்கு. விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கிவிடாமல், கிடந்தபடியே அசையாமல் வைத்து, 108 வரும்வரை துண்டைப் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றீர்கள். அடிபட்ட தண்டுவடத்துக்கு மேற்கொண்டு சேதம் வராமல் காப்பது அந்தப் பொறுமைதான் என்று டாக்டர் சொன்னார்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்தது ஒரே ஜெபம்தான்: நடக்க வையும் ஆண்டவரே. பொருத்தனை பண்ணினேன், உபவாசம் இருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் என்னோடு சேர்ந்து கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். எதிர்வீட்டு அம்மா கெங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு பாய் ஜும்மாவில் துஆ செய்யச் சொன்னார். பிறகு ஒருநாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கால்கள் திரும்ப வாய்ப்பு மிகக் குறைவு என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்கு ஜெபம் வரவில்லை.

போதகர் ஐயா வந்தார். ஆறுதல் பேச்சு எதுவும் பேசவில்லை. கேட்டது தப்பில்லையம்மா, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று ஆண்டவரே மூன்று தரம் கேட்டார், அந்தப் பாத்திரம் நீங்கவில்லை, ஆனாலும் எழுந்து போனார் என்றார். அவர் போன பிறகுதான் 'உம்முடைய சித்தம்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. உடனே சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். அழுகைதான் வந்தது. ஆனால் மறுநாள் நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்ததெல்லாம் காதில் ஏறியது. நடக்கப்போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று அதுவரை மனசு அடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் ஒரு துணிச் சுருள். உணர்வில்லாத தோலில் புண் வந்தால் அவருக்கே தெரியாது. ராத்திரி ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரு வரி ஜெபம் சொல்வேன், அதற்குள் வேலை முடிந்திருக்கும். இப்போது அவரே கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, இடுப்பெலும்புப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று காலையில் பார்த்துக்கொள்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்கிறார்.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றி பாகாயத்தில் இருந்தபோதுதான் கேள்விப்பட்டோம். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயல்படாமல் போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாராம். 1966இல் பாகாயத்து மையம் ஆரம்பமானது அவருடைய உழைப்பால். இதைக் கேட்ட அன்றுதான் என் வீட்டுக்காரர் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கிறவரிடம் இதை இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வாலிபர் சங்கத்துத் தம்பிகள் மாற்றுத்திறனாளி அட்டைக்காகச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தார்கள். டீச்சர் அம்மா பிள்ளைகளைச் சாயங்காலம் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். சபையின் கொத்தனார் அண்ணன் கூலி வாங்காமல் வாசலில் சாய்தளம் போட்டுக் கொடுத்தார். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், எங்கள் வாசலில் அவ்வளவு இடம் ஏது? பாய் தன் வாசல் படியை இடித்து, இதுவழியாக இழுத்துக்கோ அண்ணே என்று விட்டுவிட்டார். பாயம்மாவும் குழந்தைகளும் இப்போது ஓரமாகச் சுற்றித்தான் வீட்டுக்குள் போகிறார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஜெபிக்கிறவர்கள் படுக்கைப்புண் வராமலும், மூத்திரத்தில் கிருமி சேராமலும் இருக்க ஜெபியுங்கள். வாசலில் ஒரு சின்ன மளிகைக் கடை வைக்க நினைத்திருக்கிறார், அதற்காகவும் ஜெபியுங்கள். வீட்டுக்கு வாருங்கள். எப்போது நடப்பார் என்று கேட்காமல், உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருங்கள்.

நீங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் செலவு போக மீதமிருந்ததை, பாகாயத்தில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பையனின் காற்று மெத்தைக்குக் கொடுத்துவிட்டோம். கணக்கு நோட்டு சபையை நடத்தும் குருசேகரக் கமிட்டியின் செயலாளரிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.