ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்ல பெட்ரோல் ஒழுகுற விஷயமா, பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து நீ அனுப்புன வீடியோவ நாலு தடவ பாத்துட்டேன், கண்ணு கெட்டுப் போகும்னு அம்மா திட்டுறா. ஒழுகுறது பின்னாடி கார்புரேட்டர்தான் (பெட்ரோலயும் காத்தயும் கலக்குற பாகம்), முன்னாடி இருக்கறது காஞ்சு கெடக்கு பாரு. அதோட மூடிய சுத்தி நீ அப்பி வச்சிருக்கியே செவப்பு பேஸ்ட், அத மொதல்ல சுரண்டி எடு. உள்ள பெட்ரோல் மட்டம் ஏறி வழியுறப்ப வெளிய எவ்ளோ பூசினாலும் நிக்காதும்மா, அது பெட்ரோல்ல ஊறிப் பிஞ்சு, பெட்ரோல் பீச்சுற ஜெட்டப் போயி அடச்சிக்கும்.

சரி பண்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணவே பண்ணாத. அந்த இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், மேல சொட்டுனா கீழ புக போற சூடான மேனிஃபோல்டு குழா.

நீ கோவென்ட்ரில 1977 மாடல் ஸ்பிட்ஃபயர் வாங்கிருக்கேன்னு சொன்னப்ப சிரிப்புதான் வந்துச்சு. அந்த வண்டியோட எலும்பே ஹெரால்டு காருதான், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனில 1961லேர்ந்து செஞ்சாங்களே அதே ஹெரால்டு. புதுப்பேட்டைல எடுபிடியா சேந்தப்ப நான் கை வச்ச மொத வண்டி. மூஞ்சியோட முழு பானெட்டும் முன்னாடி கவுந்துரும், டயர் மேல உக்காந்தே வேல பாக்கலாம், வீடியோல நீயும் அப்படித்தான் உக்காந்திருந்த. என்ன, எங்களுக்கு ஒத்த சோலெக்ஸ் கார்புரேட்டர், உனக்கு எஸ்யூ கம்பெனியோடது ரெண்டு.

இன்ஜின் நல்லா ஆறட்டும், பேட்டரி வயரக் கழட்டிரு. ஃபுளோட் சேம்பர், அதான் கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற சின்னத் தொட்டி, அது மூடில 3 ஸ்க்ரூ, எடுத்தா மூடியோடவே ஃபுளோட்டு, அதான் மிதவை, தொங்கிட்டு வரும், பின்ன உருவிட்டு ஃபுளோட்ட காதுகிட்ட வச்சு ஆட்டு. உள்ள சலசலன்னா ஓட்டை, தூக்கிப் போட்டு புதுசு வாங்கு. ஃபுளோட் மேல ஏறுனா பெட்ரோல் வர்ற வழிய அடைக்கிற நீடில் இருக்கு, அது நுனிய நகத்தால தடவிப் பாரு, வளையமா தேஞ்சிருந்தா நீடிலும் அது போயி உக்கார்ற சீட்டும் சேத்து மாத்தணும், காசு மிச்சம்னு ஒண்ண மட்டும் மாத்தாத. ஃபுளோட்ல வளைக்கிற மாதிரி தகடு இருந்தா, மூடியத் தலைகீழா புடிச்சு ஃபுளோட்டுக்கும் மூடி விளிம்புக்கும் நடுவுல 1/8 இன்ச் டிரில் பிட்ட விட்டு மட்டம் பாத்துக்கோ.

ஒட்டுப் போடலாம்னு மட்டும் நெனைக்காத. ஒரு தடவ ஹெரால்டு ஒண்ணுல பித்தள ஃபுளோட் ஊசி ஓட்டை, நான் கெட்டிக்காரத்தனமா ஈயம் வச்சு அடச்சிட்டேன், ஓட்டை நின்னுச்சு, ஒழுகல் நிக்கல, ரெண்டு நாளு மண்டையப் பிச்சிக்கிட்டேன். கடைசில மேஸ்திரி வந்து கைல வாங்கி எடை பாத்துட்டு, "இவ்ளோ ஈயத்த அப்பிட்டியே, இது எங்கடா மிதக்கும்"னாரு. கனத்துப் போயி கீழ இறங்கி நின்னுச்சு, அப்ப பெட்ரோல் மட்டம் ஏறாம என்ன பண்ணும். அந்த வாரக் கூலில புடிச்சிட்டாங்க!

மேல வழியாம அடில மட்டும் ஈரம்னா அது வேற கத. சேம்பர்லேர்ந்து ஜெட்டுக்கு ஒரு நைலான் குழா போவும், அது சேர்ற எடத்துல குட்டி ரப்பர் இருக்கும், அது கல்லா இறுகியிருக்கும். நட்ட மேல மேல முறுக்காத, ரப்பர மாத்து. உங்கூர்ல 2021லேர்ந்து சாதா பெட்ரோல்லயே 10 சதவீதம் வரைக்கும் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆவாது. ஹோஸையும் மாத்திட்டு, 5 சதவீதம் வரைக்கும் மட்டும் எத்தனால் இருக்குற இ5 பெட்ரோல் போடு.

ஃபுளோட்ட ஆட்டுற சத்தத்த வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பு, பதினொரு மணி வரைக்கும் முழிச்சிட்டுதான் இருப்பேன். பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு வச்சுக்கோ, இத அம்மாகிட்ட சொல்லாத.

அப்பா