மூன்று மாதம் புகையை விடச் சொன்ன தெரு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாற்பது நாளாகச் சிகரெட்டைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது, உங்கள் அப்பா கடைசிக் காலத்தில் இருமிய இருமலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. புகையை விடுவது என்றதும் இந்த ஊரில் ஒரு சந்து ஞாபகம் வந்தது, அதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். தென்கொரியாவில் இந்தத் தேகு நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் லேபையும் அறையையும் தவிர எதையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை சீக்கிரமே கிளம்பிப் போனேன். ஊர் நடுவில் சோங்னா என்று ஒரு சின்ன மேடு. நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த அமெரிக்க மிஷனரிகளின் செங்கல் வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன. அதில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் போட்ட கல், இந்த ஊரின் பழைய கோட்டை மதிலை இடித்தபோது கிடைத்தது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

மேட்டிலிருந்து இறங்க 90 படிகள். 1919 மார்ச் 8 அன்று, அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானியருக்கு எதிரான ஊர்வலத்துக்காகச் சந்தைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் போலீஸ் கண்ணில் படாமல் இந்த வழியாகத்தான் போனார்கள். அப்போது இங்கே பைன் மரங்கள் அடர்ந்திருந்ததாம். இப்போது படியோரச் சுவரில் பழைய புகைப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. நான் இறங்கும்போது ஒரு பாட்டி மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார்.

கீழே ரோட்டைத் தாண்டினால் கேசான் பேராலயம். 1902-ல் கட்டியது, சிவப்பும் சாம்பலுமாகச் செங்கல், இரட்டைக் கோபுரம். கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கண்ணாடி ஜன்னல்களில் புனிதர்கள் கொரிய உடையில் நிற்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, நான் தேடிப் போன இடம் இதற்குப் பின்னால்தான். வானளாவிய அடுக்குமாடிக் கட்டடங்களின் நிழலில், ஓடு வேய்ந்த இரண்டு பழைய வீடுகள். ஒன்று சொ சாங்-டோன் என்ற வியாபாரியின் பெயரில் இருக்கிறது. 1907-ல் கொரிய அரசு ஜப்பானுக்கு 1 கோடி 30 லட்சம் வொன் கடன்பட்டிருந்தது, நாடே கைவிட்டுப் போகிற நிலைமை. அப்போது இவரும் கிம் குவாங்-ஜே என்பவரும் இந்த ஊரில் ஒரு யோசனை சொன்னார்கள்: நாட்டில் 2 கோடிப் பேர் இருக்கிறோம், எல்லாரும் மூன்று மாதம் புகையிலையை விட்டு, மாதம் ஆளுக்கு 20 ஜொன் எடுத்து வைத்தால் கடனை அடைத்துவிடலாம். நூறு ஜொன் ஒரு வொன். நானும் அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1 கோடி 20 லட்சம் வருகிறது. குறைவதை முடிந்தவர்கள் ஒன்றோ பத்தோ ஆயிரமோ கூடுதலாகப் போட்டு நிரப்பட்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

யோசித்துப் பார் செல்வம். இல்லாத பணத்தைக் கொண்டு வா என்று யாரையும் கேட்கவில்லை. தினமும் கையில் எடுக்கிற ஒன்றை வை என்று மட்டும் கேட்டார்கள், அது எவ்வளவு பெரிய கேள்வி என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அரசர் கோஜோங்கும் புகையை நிறுத்தினார். பெண்கள், நாங்கள் புகைப்பதில்லை, ஆனால் நாங்களும் இந்த நாட்டு மக்கள்தானே என்று வெள்ளி மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதை முதலில் ஆரம்பித்த ஏழு பேரும் இந்தப் பகுதிக்காரர்கள்தான்.

கடன் அடையவில்லை. ஜப்பானிய நிர்வாகம் நெருக்கியதில் இயக்கம் கலைந்தது, 1910-ல் நாடும் ஜப்பான் கைக்குப் போனது. ஆனால் 1997 கடைசியில் பொருளாதாரம் சரிந்தபோது இதே நாட்டு மக்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் நாட்டுக் கடனை அடைக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அப்போது பலரும் நினைத்துக்கொண்டது 1907-ஐத்தான். அந்த இயக்கத்தின் ஆவணங்களை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

எதிர்வீடு கவிஞர் இ சாங்-ஹ்வா கடைசி நான்கு வருஷம் இருந்தது. பறிகொடுத்த மண்ணைப் பற்றி 1926-ல் அவர் எழுதிய கவிதை இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். 1943-ல் இறந்துவிட்டார், விடுதலைக்கு இரண்டே வருஷம் இருந்தது. இந்த வீடும் இடிபட இருந்ததுதான், ஊர் மக்கள் இயக்கம் நடத்திக் காப்பாற்றி 2008-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். திண்ணை மாதிரி ஒரு மர முன்கூடம், சின்ன முற்றம், அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுந்து வர மனசில்லை. இவ்வளவு விலை போகிற இடத்தில் இந்த முற்றத்துக்காகச் சண்டை போட்டவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

அப்புறம் மூலிகைச் சந்தை வழியாக நடந்தேன், 1658-ல் தொடங்கியது, தெரு முழுக்க நாட்டு மருந்துக் கடை வாசனை. அதைத் தாண்டி ஜின் கொல்மொக், அதாவது நீளச் சந்து. நீளம் என்பதற்கு மற்ற இடங்களில் 'கின்' என்பார்களாம், இவர்கள் பேச்சில் அது 'ஜின்'. ஒரு பழைய டீக்கடையில் முட்டை மஞ்சள் கரு மிதக்கும் சாங்ஹ்வா கஷாயம் குடித்தேன். கசந்தாலும் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

அம்மாவுக்கு ஜின்செங் கேட்டிருந்தாய். வாங்கவில்லை. அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றதும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதே என்று கடைக்கார அம்மாவே சொல்லிவிட்டார். நீ கேட்டுச் சொல், அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

உனக்கு மூன்று மாதம் முடிகிற அன்றைக்கு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, கூப்பிடு. அந்த 90 படியில் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன்.

அன்புடன்,
உன் கண்ணன்