தற்காப்பு வகுப்புக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கையைப் பிடித்தவரின் மணிக்கட்டைத் திருகி மண்டி போட வைக்கிறாய், கால் வைப்பதெல்லாம் சுத்தமாகவே இருக்கிறது. கூடவே "இனிமே எவன் வந்தாலும் ஒரு கை பார்த்துடுவேன்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

எதிரில் நிற்கிறவர் உனக்குக் கையைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். நீ என்ன செய்யப் போகிறாய் என்பது அவருக்குத் தெரியும், நீ திருக ஆரம்பித்ததும் வலிக்கும் முன்பே விழுந்துவிடுகிறார். புதிதாக ஒரு பிடியைக் கற்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் உனக்குத் தெரிந்தது அசைவு மட்டும்தான். நிஜத்தில் பிடிக்கிறவன் இழுப்பான், சுவரோடு சேர்த்துத் தள்ளுவான், சும்மா இருக்கும் இன்னொரு கையால் அடிப்பான். ஜப்பானியரான கானோ ஜிகோரோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்குத்தான் வழி தேடினார். ஜுஜுட்சு என்கிற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த ஆபத்தான அடிகளை ராண்டோரி என்கிற கட்டற்ற பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். அதனால் மாணவர்கள் மிச்சமிருந்த வீச்சுகளையும் பிடிகளையும் முழு பலத்தோடு, முழு எதிர்ப்புக்கு நடுவே செய்து பழக முடிந்தது. கண்ணைக் குத்து, தொண்டையில் அடி என்று பயங்கரமான உத்திகளைக் காற்றில் செய்து பழகியவரைவிட, சாதாரணமான நாலு உத்திகளை மல்லுக்கட்டுகிறவர் மேல் செய்து பார்த்தவரைத்தான் நான் நம்புவேன்.

இன்னொன்று, அந்த நேரத்தில் உனக்குக் கிடைக்கப் போகும் உடம்பு வகுப்பில் இருக்கும் உடம்பு இல்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஏறியதும் நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும், பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பது போலக் குறுகும், பக்கத்தில் யாராவது கத்தினால்கூடக் காதில் விழாமல் போகலாம். விரல்கள் நடுங்கும்போது பூட்டில் சாவியை நுழைப்பதே பெரும்பாடு, அப்போது மணிக்கட்டில் சரியான கோணம் பிடித்துத் திருகுவது எப்படி? அதனால்தான் பெரிய தசைகளால் செய்யும் வேலைகளைப் பழகச் சொல்கிறேன்: இரண்டு கையாலும் தள்ளுவது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முகத்தில் அடிப்பது, முழங்கால், முழங்கை, அப்புறம் ஓட்டம். மூடிய கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு எளிதில் முறியும், உள்ளங்கைக்கு அந்த ஆபத்து குறைவு. உத்திகளையும் குறைத்துக்கொள். தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று வில்லியம் ஹிக் என்பவர் 1952லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

உறைந்து போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை. ஆபத்தில் கை கால் அசையாமல் நின்றுவிடுவது கோழைத்தனம் இல்லை, மூளை நம்மைக் கேட்காமலே எடுக்கும் முடிவு அது, மிருகங்களுக்கும் உண்டு. எவ்வளவு பயிற்சி எடுத்தவருக்கும் வரலாம், வந்தால் அது அவர் குற்றமும் இல்லை. ஆனால் உடம்புக்கு முன்பே பழக்கமான ஒரு முதல் அசைவு இருந்தால் அதிலிருந்து மீள்வது கொஞ்சம் சுலபம். மூச்சை விடு, ஒரு கால் பின்னால் வை, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கு, "கிட்ட வராதே!" என்று கத்து. இவ்வளவுதான், ஆனால் சோர்ந்திருக்கும்போதும், கண்ணை மூடித் திறந்த நொடியிலும், பின்னாலிருந்து தள்ளிவிடும்போதும் இதுவே வரும்வரை பழக வேண்டும்.

கத்துவது சுலபம் என்று நினைக்காதே. உதைத்துப் பழகும் திண்டு அதிரும்படி உதைக்கிற பெண்கள், வாயைத் திறந்து கத்து என்றால் சிரித்துச் சமாளிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தொண்டை அது. அதிலும் பெண்கள்மேல் நடக்கும் தாக்குதல்களில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவன் செய்வதில்லை, பழகியவன் செய்வது. தெரிந்தவனின் முகத்தைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லாமல், காரணம் சொல்லாமல் "வேண்டாம், தள்ளிப் போ" என்று சொல்வதற்கு எந்த உதையையும்விட அதிகப் பயிற்சி வேண்டும். வகுப்பில் ஒருவரை அண்ணன் மாதிரி, மேலதிகாரி மாதிரி இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே நெருங்கி வரச் சொல், நீ அவரை நிறுத்து. கூச்சமாக இருக்கும், இருந்தாலும் செய்.

தூரத்தையும் கவனி. டென்னிஸ் டுவெல்லர் என்கிற அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் 1983இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். எதையோ கேட்டுக்கொண்டே ஒருவன் கிட்ட வந்தால் நீ பின்னால் நகர்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கத்தியைக் காட்டிப் பொருளைக் கேட்டால் கொடுத்துவிடு, வாய்ப்புக் கிடைத்ததும் ஓடு. வெறும் கையால் கத்தியைப் பிடுங்கும் வித்தையை ஒரே மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதே.

உடம்பைப் பொறுத்தவரை வேகமாக ஓடு, படி ஏறு, தரையில் விழுந்து எழுந்து பழகு. பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், தலை கல்தரையில் மோதுவதுதான் பல அடிதடிகளில் உயிரை எடுக்கிறது. அவன் விலகிய பிறகும் அடித்துக்கொண்டே இருக்காதே, அதற்குமேல் சட்டம் அதைத் தற்காப்பு என்று பார்க்காது.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரம் உன் மாஸ்டரிடம் போய், ஸ்பாரிங், அதாவது நிஜமாக மோதிப் பார்க்கும் பயிற்சிச் சண்டை, எப்போது தொடங்கும், எதிர்க்கிற ஜோடியோடு எப்போது பழகலாம் என்று நேராகக் கேள். "இன்னும் கொஞ்ச நாளில்" என்றால் காத்திரு, அவருக்குக் காரணம் இருக்கும். "நம்ம உத்தி ரொம்ப ஆபத்தானது, அதனால் ஸ்பாரிங்கே கிடையாது" என்றால், கட்டிய பணத்தை நினைத்துத் தயங்காமல் வேறு வகுப்பு தேடு. தேடும்போது என்னைக் கூப்பிடு, நானும் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா