அதே நாற்காலியில் அவர்களையும் உட்கார வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசியல் நையாண்டி பேசும் அரட்டை நிகழ்ச்சிகளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தடை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2025 மார்ச்சில் மலேசியாவின் மலாய் வானொலியான ஏரா எஃப்எம் அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லி ஆடிச் சிரித்த காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டுத் தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் தம்பி பத்துமலையில் காவடி எடுப்பவன். விரதம் இருந்து, ஆற்றங்கரையில் குளித்துவிட்டு, சாம்பிராணிப் புகையில் கண்ணை மூடி நிற்பான். கன்னத்தில் அலகு ஏறும் நேரத்தில் சுற்றி நிற்கும் நாங்கள் தொண்டை கிழிய "வேல் வேல்" என்போம். அம்மா அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அழுதுகொண்டே சொல்வார். அந்த நொடியில் அவனுக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது அந்தக் குரல் மட்டும்தான். இதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து வாய் திறந்திருந்தால் அந்தக் காணொளி வெளியே போயிருக்காது.

அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. சரி, அபராதம் அரசாங்கக் கணக்கில் சேரும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் அம்மாவைப் போன்ற ஒருவர் அதே வானொலியில், அதே நேயர்களிடம், மலாயில் பேச வேண்டும் என்று விரும்பினேன்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் பில் மாஹர் என்பவர் 2003 முதல் எச்பிஓ தொலைக்காட்சியில் அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துகிறார். 2017 ஜூனில், செனட்டர் பென் சாஸ் விருந்தினராக எதிரில் இருக்கும்போதே, கறுப்பின மக்களை அடிமைக் காலத்தில் இழிவுபடுத்திய சொல்லை நகைச்சுவை என்று சொல்லி வைத்தார். சாஸ் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே தடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு அவரே வருந்தி எழுதினார். மாஹரும் மன்னிப்புக் கேட்டார். அதோடு விடவில்லை. அடுத்த வாரமே கறுப்பினப் பேராசிரியர் மைக்கேல் எரிக் டைசன், ராப் பாடகர் ஐஸ் கியூப், அரசியல் விமர்சகர் சிமோன் சாண்டர்ஸ் மூவரும் அதே அரங்கில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். மாஹருக்கு அது சுகமாக இருக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டார். அந்த மனிதரின் பல கருத்துகள், குறிப்பாக முஸ்லிம்களைப் பற்றிப் பேசுபவை, எனக்குத் துளியும் பிடிக்காது. அந்த ஒரு வாரத்தை மட்டும் நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் பார்க்க வேண்டும்.

சர்ச்சைக்குரிய விருந்தினர் விஷயமும் இதுதான். அதே ஆண்டு பிப்ரவரியில் மைலோ யனோபுலஸ் என்ற வலதுசாரிப் பேச்சாளரை மாஹர் அழைத்தார். கறுப்பின நடிகை லெஸ்லி ஜோன்ஸ் மீது இணையத்தில் நடந்த இனவெறித் தாக்குதல் தொடர்பாக ட்விட்டர் வெளியேற்றியிருந்த ஆள். பத்திரிகையாளர் ஜெரமி ஸ்கேஹில் அந்த அழைப்பைக் கண்டித்து நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். மாஹர் தனியாகப் பேட்டி கண்டபோது பெரும்பாலும் சிரித்துச் சமாளித்தார். பிறகு குழு உரையாடலில் நகைச்சுவைக் கலைஞர் லாரி வில்மோர்தான் லெஸ்லி ஜோன்ஸுக்காகக் குரல் உயர்த்தினார். வில்மோர் அன்று இல்லாதிருந்தால் அது வெறும் விளம்பர மேடை.

நம் ஊர் இணைய நிகழ்ச்சிகளில் தேர்தல் நெருங்கினால் இதே கூத்துதான். ஒரு சமூகத்தைத் திட்டிப் பெயர் வாங்கிய அரசியல்வாதியைக் கூப்பிடுகிறார்கள், தொகுப்பாளர் கைதட்டிச் சிரிக்கிறார், காரமான துண்டு மட்டும் டிக்டாக்கில் சுற்றுகிறது. நம் தமிழ் மேடைகளும் சுத்தமில்லை. வங்காளதேசத் தொழிலாளியின் பேச்சையும் நம் பிள்ளைகளின் கறுப்பு நிறத்தையும் கிண்டலடித்துக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தத் தொழிலாளி அதே மண்டபத்தில் மேசை துடைத்துக்கொண்டிருப்பார். "வேல் வேல்" கேலிக்குக் கொதித்த நாம் இதற்கும் கொதிக்க வேண்டும்.

தடை என்ன செய்யும் என்று நாம் பார்த்தாயிற்று. 2022-இல் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் இருந்த கிராக்ஹவுஸ் நகைச்சுவை மன்றத்தில் மேடையேறிய ஒரு பெண்ணின் செயல் முஸ்லிம்களைப் புண்படுத்தியது. மாநகர் மன்றம் உரிமத்தையே ரத்து செய்தது. கடை மூடியதோடு பேச்சும் மூடிவிட்டது. அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்க இங்கே இருக்கும் மேடைகளே கொஞ்சம்தான்.

ஆகவே நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். வம்பு பேசும் ஒருவரை அழைத்தால், அவர் யாரைத் தாக்குகிறாரோ அந்தத் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவரையும் அதே நாளில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நகைச்சுவை யாரையாவது புண்படுத்திவிட்டால், எழுத்தில் இரண்டு வரி மன்னிப்போடு நிறுத்தாதீர்கள். அடுத்த நிகழ்ச்சியில் அவர்களுக்கு அதே அளவு நேரம் கொடுங்கள், அதை வெட்டாமல் போடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இதற்கு உங்கள் பத்திரிகையும் உதவலாம். இங்கு தமிழில் இத்தகைய நிகழ்ச்சி நடத்தும் இளைஞர்களை அழைத்து, இந்த யோசனைக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். அவர்கள் மறுத்தாலும் காரணத்தைப் படிக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்