மூன்று நிலை மெமரியும் உன் புதிய கார்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பொறியியலில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா?

அனிமேஷன் வேலைக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன் புதிய கிராபிக்ஸ் கார்டுகளில் வரும் ஜிடிடிஆர்7 என்ற மெமரியைப் பற்றி உன்னிடம் பேசியே ஆக வேண்டும். கல்லூரியில் சிக்னல் பாடத்தை என்னோடு முட்டி மோதிப் படித்தவன் நீதானே.

இதற்கு முந்தைய ஜிடிடிஆர்6 வரை, தரவு போகும் கம்பியில் இரண்டே மின்னழுத்த நிலைகள், ஒரு துடிப்புக்கு ஒரு பிட். 2020-இல் என்விடியாவின் 3090 கார்டோடு வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் நான்கு நிலைகளுக்குத் தாவியது. ஒரு துடிப்புக்கு இரண்டு பிட். ஆனால் இருக்கிற மின்னழுத்தத்தை மூன்று இடைவெளிகளாகப் பங்கு போட வேண்டியதாயிற்று. இடைவெளி குறுகினால் சிறு இரைச்சலும் ஒரு நிலையை அடுத்த நிலையாகக் காட்டிவிடும். 2024 மார்ச்சில் மெமரிகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வெளியிட்ட ஜிடிடிஆர்7 தரநிர்ணயம் மூன்று நிலைகளை ஏற்றது. கணக்கைப் பார்: இரண்டு துடிப்புகளில் ஒன்பது சேர்க்கைகள் கிடைக்கும், எட்டை எடுத்துக்கொண்டால் மூன்று பிட் அடங்கிவிடும். இடைவெளிகளோ இரண்டுதான், ஒவ்வொன்றும் தாராளமானது. அதனால் துடிப்பின் வேகத்தை நம்பிக் கூட்டலாம். நான்கை விட்டு மூன்றுக்கு இறங்கி வேகத்தைப் பிடித்தார்களே, அந்தத் தெளிவை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

2025 ஜனவரியில் ஜிடிடிஆர்7-உடன் வந்த என்விடியாவின் 5090 கார்டின் பலகையில் நடுச் சிப்பைச் சுற்றி 16 மெமரி சிப்புகள். ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஆக 32 ஜிபி. நொடிக்கு 1,792 ஜிபி தரவு பாய்கிறது. ஜிடிடிஆர்6எக்ஸ் கொண்ட முந்தைய 4090 கார்டில் இது 1,008 தான். சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையை 384 பிட்டிலிருந்து 512 ஆக அகலப்படுத்தியதும் இதற்கு ஒரு காரணம்.

உன் வேலைக்கு வேகத்தைவிடக் கொள்ளளவுதான் முக்கியம். நீ உருவாக்கும் காட்சி, கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் கணினியின் பொது மெமரிக்கு ஓட வேண்டும். கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ 5.0 வழியே ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 64 ஜிபிதான். 1,792 எங்கே, 64 எங்கே! ஆகவே 3 ஜிபி சிப்புகளைத்தான் நான் ஆவலோடு பார்க்கிறேன். 5090 மடிக்கணினிக் கார்டில் எட்டே சிப்புகளில் 24 ஜிபி வந்துவிட்டது. 2 ஜிபி சிப்புகளாக இருந்தால் அதே இடத்தில் 16 தான் வரும். மேசைக் கணினிக்கான கார்டுகளிலும் இது பரவினால் 512 பிட் பாதை இல்லாமலே நடுத்தர விலையில் உனக்குப் போதுமான இடம் கிடைக்கும்.

உன் காட்சிகள் இப்போதைய கார்டில் அடங்குகின்றன என்றால் பொறு. அடிக்கடி வழிந்து, வேலை நின்று, வாடிக்கையாளரிடம் தவணை கேட்கும் நிலை என்றால் பொறுக்காதே. அதிக ஜிபி உள்ளதைப் பார்த்து வாங்கு. மிகப் பெரிய காட்சியை ஓடவிட்டு மெமரி எவ்வளவு போகிறது என்று குறித்து அனுப்பு. எந்தக் கார்டு மாடல் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு