பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டாருக்கு

வணக்கம். பர்கூர், பாலக்கோடு பக்கம் இருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: பிள்ளையின் கல்லூரிப் படிப்புச் செலவுக்கு என்ன செய்வது என்று. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல் இரண்டிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இது தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்க ஓடாதீர்கள், தயவுசெய்து.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களும்தான். கலந்தாய்வு நேரத்தில் அலைந்தால் பிள்ளைதான் பதறும்.

அப்புறம் ஒன்று, என் மனசில் ரொம்ப நாளாக இருப்பது. பிள்ளை தானே பேங்க்குக்குப் போய்ப் படிவம் நிரப்பட்டும், தனியாக பஸ் ஏறி தர்மபுரி போய்வரட்டும், தன் துணியைத் துவைக்கட்டும். ஹாஸ்டலில் முதல் மாதம் அழுதுகொண்டு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மார்க் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதையும் உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுவோம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.