3 ஆண்டு வேறு, 7 ஆண்டு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

தவணை தவறிய கடன்களைப் பற்றி மக்களிடையே இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. "3 வருஷம் போனா கடன் செல்லாது" என்பது ஒன்று. "7 வருஷம் போனா சிபில்ல இருந்து பேர் தானாப் போயிடும்" என்பது மற்றொன்று. சிபில் என்பது நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து அறிக்கை தரும் நிறுவனம். முதல் பேச்சில் பாதிதான் உண்மை. இரண்டாவது வேறு நாட்டுச் சட்டத்திலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இவற்றை நம்பி நீதிமன்றச் சம்மனை அலட்சியம் செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. காலம் கடந்த கடனுக்கு விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டு மறுபடி உயிர் கொடுக்கிறவர்களும் உண்டு.

முதலில் 3 ஆண்டுக் கணக்கு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சொத்து ஈடு இல்லாத கடனுக்கு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) என்றால், அது எழுதிய தேதியிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கும். வீடு, நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய பணத்துக்கு 12 ஆண்டு. கொரோனாவை ஒட்டி 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்காமல் விலக்கியிருக்கிறது. பழைய கடனுக்கு நாள் எண்ணுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கெடு தாண்டினால் கடனே ஒழிந்துவிடாது. வழக்குப் போடும் வழிதான் அடைபடும். கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்கலாம், கடிதம் அனுப்பலாம். நீங்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அடகு வைத்த நகையை, கடன் தீரும் வரை வங்கி தன்னிடமே வைத்திருக்கலாம். ஆகவே நகைக் கடனில் 3 ஆண்டைக் கடத்திவிட்டு நகையைத் திரும்பக் கேட்பது நடக்காது.

அதிகம் பேர் சறுக்குவது கையெழுத்தில்தான். புரோநோட்டின் பின்பக்கம் வரவு வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். 10.6.2022இல் எழுதிய நோட்டுக்கு 10.6.2025 வரை கெடு. 1.5.2025 அன்று 500 ரூபாய் கொடுத்து, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டால், காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கெடு 1.5.2028க்குப் போய்விடும். பணமே தராமல் "இவ்வளவு பாக்கி உள்ளது" என்று எழுதி ஒப்பமிட்டாலும் 18ஆம் பிரிவுப்படி அதே விளைவுதான். வங்கிகள் வாங்கும் 'ரிவைவல் லெட்டர்', 'பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்' எல்லாம் இந்த வேலைக்காகத்தான். கெடு முடியும் தறுவாயில் வங்கி ஊழியர் வீடு தேடி வந்து, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நீட்டும் தாளும் பெரும்பாலும் இதுவே.

இந்த இரண்டு பிரிவுகளும் கெடு முடிவதற்குள் நடந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கெடு முடிந்த பிறகு வேறொரு கண்ணி இருக்கிறது. காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தம். 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரே தவணைத் தீர்வு என்று ஓ.டி.எஸ். விண்ணப்பம் கொடுக்கும்போது, "முழுக் கடனையும் ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசத்துக்கு ஒப்பமிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு.

வராக்கடனை வாங்கி வசூலிக்கும் சொத்து மீட்பு நிறுவனத்துக்கு வங்கி உங்கள் கடனை விற்றால் கெடு புதிதாகத் தொடங்குவதில்லை. வாங்கியவருக்கும் பழைய கணக்குதான். 'ரைட்-ஆஃப்' என்பதும் வங்கியின் சொந்தக் கணக்கேட்டு வேலை. அதைத் தள்ளுபடி என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் மிகப் பலர்.

சம்மன் வந்தால் போய் நில்லுங்கள். கெடு தாண்டிய வழக்கை, எதிராளி சொல்லாவிட்டாலும் நீதிபதியே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வது மெய்தான். ஆனால் எதிர்த்தரப்பு ஒரு ஒப்புதல் கடிதத்தைத் தாக்கல் செய்து, அது உங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்ல ஆளும் இல்லாவிட்டால், ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். அதை நீக்கக் கோர 30 நாள்தான் அவகாசம்.

இனி 7 ஆண்டுக்கு வருகிறேன். தவறிய கடனை 7 ஆண்டுக்குப் பின் கடன் தகவல் அறிக்கையில் காட்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். 1970இல் வந்த அந்தச் சட்டத்தில் 7 என்பது உச்ச வரம்பு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் 7 ஆண்டு என்பது குறைந்தபட்சம். அவ்வளவு காலமாவது தகவலை வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பாக்கியோடு திறந்தே கிடக்கும் கணக்கை வங்கி ஒவ்வொரு முறையும் புதுப்பித்து அனுப்பிக்கொண்டிருக்கும். நீதிமன்றத்தில் செல்லாத கடனும் அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' (ரைட்-ஆஃப் செய்யப்பட்டது) என்று நின்று, வீட்டுக் கடன் கேட்கும் நாளில் குறுக்கே வரும். ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அது தெரியும்.

அறிக்கையைப் பார்க்கக் காசு வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 3 மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். கணக்கின் நிலை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, மாதந்தோறும் எத்தனை நாள் தாமதம் என்று காட்டும் 36 மாதக் கட்டங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே கடன் வங்கியின் பெயரிலும் அதை வாங்கிய நிறுவனத்தின் பெயரிலும் இரண்டாக நிற்கிறதா என்றும் பாருங்கள். தவறு இருந்தால் அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே முறையிட்டு, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளுக்குள் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றிப் போகலாம். உதவி எண் 14448.

குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுதாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. விட்டுக்கொடுத்த தொகையைப் பின்னால் கட்டினால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பணம் கட்டும் முன்பே கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டியவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் கட்டாததற்காக மட்டும் போலீஸ் கைது செய்ய முடியாது. காசோலை திரும்பிய வழக்கு வேறு. உறவினருக்கும் அலுவலகத்துக்கும் போன் போட்டு அவமானப்படுத்தினால் தேதி, நேரம், எண்ணோடு எழுதி வங்கிக்கே முதலில் புகார் கொடுங்கள்.

கட்ட முடிந்தவர் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கடன் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குகிறவர்கள், "இதில் ஒப்பமிட்டால் வழக்குக் கெடு இன்றிலிருந்து மேலும் 3 ஆண்டு நீளும்" என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுத்தான் வாங்க வேண்டும். தவறிய கடனை எத்தனை ஆண்டுக்கு மேல் அறிக்கையில் காட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் ஓர் உச்ச வரம்பை விதியாக எழுத வேண்டும். இந்த இரண்டையும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருச்சி